முதலில் நாற்காலி, பிறகு வரைபடம்

2009 மே மாதக் கடைசியில் நியூயார்க் மாநகராட்சி, டைம்ஸ் சதுக்கத்தை ஊடுருவிச் செல்லும் பிராட்வே சாலையை வாகனங்களுக்கு மூடியது. மூடிய இடத்தில் போடுவதற்காகச் சொல்லிவைத்திருந்த இருக்கைகள் நாளுக்குள் வந்து சேரவில்லை. அவசரத்துக்கு ஒரு கடையிலிருந்து, ஒன்று 10.74 டாலர் வீதம் 376 மடக்கு நாற்காலிகளை வாங்கிப் போட்டார்கள். அடுத்த சில நாட்கள் ஊரின் பேச்செல்லாம் அந்த நாற்காலிகளைப் பற்றித்தான். மலிவு, பார்க்கச் சகிக்கவில்லை, இந்த இடத்துக்கு இதுவா என்றார்கள். சாலையை மூடியதைப் பற்றிய சண்டை அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போனது. டாக்சிகளின் ஜிபிஎஸ் பதிவுகளையும் விபத்துக் கணக்கையும் வைத்து அந்தச் சோதனையை எடைபோட்டார்கள். நடப்பவர்கள் காயமடைவது 35 சதவீதம் குறைந்திருந்தது. 2010 பிப்ரவரியில் அந்த இடம் நிரந்தரமாயிற்று.

பொது இடத்தை மாற்றும் வேலையில் ஒரு பழைய சிக்கலுக்கு இந்த நாற்காலிக் கதை விடை சொல்கிறது. வரைபடத்தை மேசையில் விரித்துக் கருத்துக் கேட்டால், வரைபடம் படிக்கத் தெரிந்தவர்கள் மட்டுமே பேசுவார்கள். மற்றவர்கள் தலையாட்டுவார்கள், அல்லது பார்க்கிங் போய்விடுமே என்று கொதிப்பார்கள். தெருவிலேயே ஒரு பொருளைப் போட்டுவிட்டால் எட்டு வயதுப் பிள்ளைக்கும் எண்பது வயதுப் பாட்டிக்கும் அதைப் பற்றிச் சொல்ல ஏதாவது இருக்கும். ஆனால் நியூயார்க்கில் நடந்தது மாநகராட்சி தானே திட்டமிட்டுத் தானே அளந்த சோதனை. எதைச் சோதிப்பது என்பதையே குடியிருப்பவர்கள் முடிவுசெய்தால் என்ன ஆகும்? லிவிங் லேப், அதாவது வாழும் ஆய்வுக்கூடம் என்ற முறை எழுப்பும் கேள்வி அது.

இந்தச் சொல் நகரத் திட்டமிடலில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் மிட்செல் என்ற கட்டடக்கலைப் பேராசிரியரோடு சேர்த்துச் சொல்லப்படும் கருத்து இது. அங்கே உணரிகள் (சென்சார்கள்) பதித்த ஒரு அடுக்குமாடி வீட்டில் தன்னார்வலர்களைக் குடியமர்த்தி, அவர்கள் புதுத் தொழில்நுட்பங்களோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று கவனித்தார்கள். 2006ல் ஐரோப்பாவில் லிவிங் லேப்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பு உருவானபோது, வீட்டிலிருந்து தெருவுக்கும் ஊருக்கும் கருத்து நகர்ந்தது. கூடவே அடிப்படையும் புரண்டது. கவனிக்கப்படுபவராக இருந்தவர் சோதனையை வடிவமைப்பவர்களில் ஒருவராக ஆனார். குறைந்தபட்சம் ஏட்டில் அப்படித்தான் இருக்கிறது. நடப்பில், நகராட்சி ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவுக்கு ஒட்டும் விளம்பரச் சீட்டாகவும் இந்தப் பெயர் பயன்படுகிறது. அசலா போலியா என்று பார்க்க ஒரே கேள்வி போதும்: இந்தச் சோதனையின் முடிவு எதுவாக இருந்தால் திட்டத்தைக் கைவிடுவீர்கள்? விடை இல்லையென்றால் அங்கே நடப்பது சோதனை அல்ல, திறப்பு விழா.

பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் நடந்தவை இந்த முறைக்கு நல்ல உதாரணம். 2050க்குள் கரியமில வெளியேற்றத்தைச் சமன்செய்வது என்ற இலக்கை அந்த நகரம் வைத்திருந்தது. அதற்காகப் பலதரப்பட்டவர்களைக் கூட்டிப் பேசவைத்தபோது எழுந்த யோசனைகளில் ஒன்று, ஒரு தெருவைக் கொஞ்ச காலம் கார் இல்லாமல் விட்டுப் பார்ப்பது. டச்சு மொழியில் 'லேஃப்ஸ்ட்ராட்', வாழும் தெரு. நகர நிர்வாகம் இதைத் தானே செய்யாமல் விட்டதுதான் சுவாரசியம். லாப் வான் ட்ராயெ என்ற தன்னார்வ வலையமைப்பு பொறுப்பேற்றது. 2013ல் இரண்டு தெருக்களில் தொடங்கி ஆண்டுதோறும் பெருகியது.

அடிப்படை விதிகள் எளிமையானவை. தெருவை மூடச் சொல்லி வெளியிலிருந்து யாரும் வரமாட்டார்கள், தெருக்காரர்களே கேட்க வேண்டும். கேட்பவர்கள் வீடு வீடாகப் போய் எல்லோரிடமும் பேச வேண்டும். சம்மதக் கையெழுத்து வாங்குவது அந்தப் பேச்சின் சிறு பகுதி. முதியவரை மருத்துவமனைக்கு அழைத்துப்போகும் வண்டி, வாரம் ஒருமுறை சரக்கு இறக்கும் கடை, இரவு வேலை முடிந்து வந்து பகலில் தூங்குபவர் என ஒவ்வொரு தடையையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வழி காண்பதுதான் பெரும்பகுதி. கார்களுக்கு மாற்றிடமாகப் பக்கத்துப் பல்பொருள் அங்காடி அல்லது நிறுவனத்தின் நிறுத்துமிடத்தில் தற்காலிக அனுமதி பெற்றார்கள். கார் தள்ளிப்போனதற்கு ஈடாகச் சுமை சைக்கிள்களும் மின்சைக்கிள்களும் இரவலாகக் கிடைத்தன. கோடையில் சில வாரங்கள், சில தெருக்களில் இரண்டு மூன்று மாதங்கள் வரை, தார்ச்சாலைமேல் செயற்கைப் புல்லும் நீள மேசைகளும் பெட்டிச் செடிகளும் வந்தன. காலம் முடிந்ததும் எல்லாம் எடுக்கப்பட்டன.

எல்லாவற்றையும் எடுத்துவிடுவதுதான் இந்த முறையின் பலம். "ஒரு மாதம்தானே, பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துவிடலாம்" என்ற வார்த்தை மெய்யாக இருக்கும்போது, எதிர்ப்பவரும் பொறுத்துப் பார்ப்பார். பலவீனமும் அதுவேதான். செப்டம்பரில் புல்லைச் சுருட்டி எடுத்த மறுநாள் தெரு பழைய தெருவாகிவிடும். காலம் போகப் போகக் கெண்டில் எழுந்த உண்மையான கேள்வி, தற்காலிகத்திலிருந்து நிரந்தரத்துக்குப் பாலம் எது என்பதுதான். தன்னார்வலர்களுக்கு ஓரக்கல்லைப் பெயர்க்கும் அதிகாரம் கிடையாது, அது நகராட்சியிடம் இருக்கிறது. 2017ல் வலையமைப்பு தன் பணியை முடித்துக்கொள்ள, நகர நிர்வாகம் அந்த முறையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது.

பார்சிலோனாவின் பொப்ளெனோவ் பகுதி இதற்கு நேர் எதிர். அங்கே அதிகாரம் முதலில் வந்தது, பேச்சு பிறகு வந்தது. அந்நகரின் விரிவாக்கப் பகுதியை 1859ல் இல்தெஃபோன்ஸ் செர்தா என்ற பொறியாளர் சதுரக் கட்டங்களாக வரைந்தார். ஒரு கட்டம் பக்கத்துக்கு 113 மீட்டர், நடுவே 20 மீட்டர் தெரு. மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்களைச் சேர்த்தால் பக்கத்துக்குச் சுமார் 400 மீட்டர் வரும். நகரச் சூழலியலாளர் சல்வதோர் ருவேதா முன்வைத்த 'சூப்பர் பிளாக்' இந்த அளவில்தான் நிற்கிறது. ஊடுசெல்லும் வாகனமும் பேருந்தும் வெளிச்சுற்றில் ஓடும். உள்ளே வரும் கார் ஒவ்வொரு சந்திப்பிலும் கட்டாயமாகத் திரும்பி, நுழைந்த பக்கமே வெளியேறிவிடும். உள்ளே வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர். காருக்குத் தடை இல்லை, குறுக்கு வழிக்குத்தான் தடை. இந்த வேறுபாட்டை மக்களிடம் விளக்காமல் விட்டதே பாதிச் சண்டைக்குக் காரணம்.

2016 செப்டம்பரில் பொப்ளெனோவில் திசைப் பலகைகளும் தார்மேல் கோடுகளும் மாறின. கட்டடக்கலை மாணவர்கள் பழைய டயர்களையும் பெயிண்ட்டையும் கொண்டு சந்திப்புகளை அலங்கரித்தார்கள். அங்கு குடியிருந்தவர்களில் பலருக்கு, காலையில் எழுந்தால் வழக்கமான வழி இல்லை, பேருந்து நிறுத்தம் தள்ளிப்போயிருக்கிறது, கார் வைத்த இடத்தில் டயர் கிடக்கிறது. பால்கனிகளில் எதிர்ப்புப் பதாகைகள் தொங்கின. ஆதரித்தவர்களும் தனிக் குழுவாகத் திரண்டார்கள். வீடுகள் குறைந்து, பழைய தொழிற்கூடங்களும் புது அலுவலகங்களும் நிறைந்த பகுதி அது. எதிர்ப்பு குறைவாக இருக்கும் என்ற எண்ணம் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததில் இருந்திருந்தால், அதற்கு இன்னொரு முகமும் உண்டு: மாலையில் அலுவலகம் மூடியதும் காலியாகும் தெருவில், புதிய இடத்தைப் பயன்படுத்திக் காட்டவும் ஆள் குறைவு. காலியாகக் கிடக்கும் மூடிய தெருவைவிட எதிர்ப்பாளருக்கு வேறு சாட்சி வேண்டாம்.

நகராட்சி பின்வாங்கவில்லை, ஆனால் வேலையை மாற்றிக்கொண்டது. டயர்கள் போய், மேசைகள், விளையாட்டுச் சாதனங்கள், மரங்கள் வந்தன. நிலைமை மெல்லத் தணிந்தது. அடுத்து அதே நகரின் சந்த் அந்தோனி பகுதியில், 2018ல் பழைய சந்தைக் கட்டடம் புதுப்பித்துத் திறக்கப்பட்டதையொட்டி, அக்கம்பக்கத்துச் சங்கங்களோடும் கடைக்காரர்களோடும் பேசி முடித்த பிறகே தெருவில் கைவைத்தார்கள். செர்தா கட்டங்களின் மூலைகளைச் சாய்வாக வெட்டியிருப்பதால் ஒவ்வொரு சந்திப்பும் எண்கோணமாக இருக்கும், ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். கார்கள் திரும்புவதற்குப் பயன்பட்ட அந்த இடம், நகர்த்தக்கூடிய பெஞ்சுகளும் தொட்டிகளும் வைத்ததும் சதுக்கமாகிவிட்டது. அதே யோசனை, அதே நகரம். மாறியது வரிசை மட்டும்.

இனி கைவேலைக் கணக்கு. பெரும்பாலான சோதனைகள் தோற்பது கொள்கையில் அல்ல, இங்கேதான்.

முதல் வேலை எண்ணிக்கை. மாற்றத்துக்கு முன் எண்ணாத சோதனையில், மாற்றத்துக்குப் பின் வரும் எந்த எண்ணுக்கும் பொருள் கிடையாது. வார நாள் ஒன்று, சனி அல்லது ஞாயிறு ஒன்று, ஒவ்வொன்றிலும் காலை, நடுப்பகல், மாலை, இரவு எனக் குறைந்தது நான்கு நேரம், ஒவ்வொரு நேரமும் 15 நிமிடம் எண்ணினால் ஒரு சிறு தெருவுக்குப் போதும். கடந்து போகிறவர்களைத் தனியாகவும், நிற்கிறவர்கள், உட்கார்ந்திருக்கிறவர்கள், விளையாடுகிறவர்களைத் தனியாகவும் எண்ண வேண்டும். நன்றாக மாறிய தெருவில் முதல் எண் அவ்வளவாக ஏறாது, இரண்டாவதுதான் ஏறும். பெண்கள், குழந்தைகள், முதியவர்கள் எத்தனை பேர் என்று பிரித்துக் குறிப்பது அவசியம். தெருவில் ஆள் கூடி, கூடியவர்கள் எல்லோரும் இளைஞர்கள் என்றால் அது வேறு சேதி.

பார்க்கிங் கணக்கில் இரண்டு தந்திரங்கள் உண்டு. குடியிருப்பவர்களின் உண்மைத் தேவை அதிகாலை நான்கைந்து மணிக்கு நிற்கும் வண்டிகளின் எண்ணிக்கை. பகல் எண்ணிக்கையைக் காட்டினால் அது வெளியாட்களையும் சேர்த்துக் காட்டும். பகலில் அரை மணிக்கு ஒருமுறை வண்டி எண்களின் கடைசி நான்கு இலக்கத்தைக் குறித்துக்கொண்டே போனால், எந்த வண்டி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று தெரியும். 'வாடிக்கையாளருக்கு இடமில்லாமல் போகும்' என்று சொல்லும் கடைவீதிகளில், காலை முதல் மாலை வரை நகராமல் நிற்பது பெரும்பாலும் கடைக்காரர்கள், ஊழியர்களின் வண்டிகளே. இதைக் கூட்டத்தில் போட்டு உடைத்தால் பகைதான் மிஞ்சும், தனியாகக் காட்டுவது நல்லது. கடைக்காரர்களின் மதிப்பீடும் இப்படித்தான் வழுக்கும். இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வாடிக்கையாளர்களில் 41 சதவீதம் பேர் காரில் வருவதாகக் கடைக்காரர்கள் நினைத்தார்கள், எண்ணிப் பார்த்தால் 22 சதவீதம்.

அதிகம் தவறவிடப்படுவது பக்கத்துத் தெரு. சோதனைத் தெருவில் எண்ணுகிற அதே நேரத்தில், அதற்கு இணையான இரண்டு தெருக்களிலும் எண்ண வேண்டும். 'எங்கள் பக்கம் வண்டிகளைத் தள்ளிவிட்டீர்கள்' என்ற புகார் நிச்சயம் வரும், சில சமயம் அது உண்மையாகவும் இருக்கும். சாலைக் கொள்ளளவைக் குறைத்த 70க்கும் மேற்பட்ட இடங்களை 11 நாடுகளிலிருந்து திரட்டிய பிரிட்டன் ஆய்வாளர்கள் 2002ல் வெளியிட்ட முடிவில், சுற்றுத் தெருக்களையும் சேர்த்துப் பார்த்தபோது நடு மதிப்பாக 11 சதவீதப் போக்குவரத்து காணாமல் போயிருந்தது. மீதி எங்கோ ஓடத்தான் செய்தது. அந்த எங்கோ யார் வீட்டு வாசல் என்பதைச் சொல்ல எண் வேண்டும்.

கால அளவும் முக்கியம். ஒரு ஞாயிறு மூடினால் கிடைப்பது திருவிழா, அதிலிருந்து எதையும் முடிவுசெய்ய முடியாது. முதல் இரண்டு வாரம் வேடிக்கை பார்க்கும் கூட்டமும், வழி தெரியாமல் சுற்றும் வண்டிகளும் எண்ணிக்கையைக் குழப்பும். ஓட்டுநர்கள் பழகிய வழியை மாற்றிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். ஆறு முதல் எட்டு வாரம் நடத்தி, நான்காம் வாரத்துக்குப் பிறகான எண்ணிக்கையை மட்டும் ஒப்பிடுவது நிதானமான வழி. இடையில் மழை வாரம் வந்தால் நல்லதுதான், வெயிலுக்கு மட்டும் ஏற்ற இடமா என்று தெரிந்துவிடும்.

பொருட்களை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும்: வண்டி மோதினாலும் நகரக் கூடாதவை, இரண்டு பேர் தூக்கினால் நகர வேண்டியவை. தெருவின் இரு முனைகளுக்கு முதல் வகை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பரப்பும் 80 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தொட்டியில் ஈரமண் நிரப்பினால் ஒரு டன்னைத் தாண்டும், கிரேன் பொருத்திய லாரி இல்லாமல் அசையாது. வைக்கும் முன்பே இடத்தைச் சாக்பீஸால் கோடிட்டு, குப்பை லாரியை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுவது செலவைக் குறைக்கும். உள்ளே வரும் பெஞ்சுகளும் மேசைகளும் இரண்டாம் வகை. அவை நகர்ந்துகொண்டே இருக்கும், நகர்வதுதான் தகவல். ஒவ்வொரு மாலையும் பெஞ்சுகள் எங்கே இழுத்துப் போடப்பட்டிருக்கின்றன என்று படம் எடுத்து வைத்தால், நிழல் எங்கே தேவை, முதுகுக்குச் சுவர் எங்கே தேவை என்று வடிவமைப்பாளருக்கு யாரும் சொல்லாமலே தெரியவரும்.

தீயணைப்பு வண்டிக்கு வழி விட்டாக வேண்டும். பெல்ஜியத்தில் 4 மீட்டர் அகலமும் 4 மீட்டர் உயரமும் வேண்டும். அகலத்தை எல்லோரும் நினைவில் வைப்பார்கள், உயரத்தில் தோரணம் கட்டிவிடுவார்கள். செயற்கைப் புல் படத்தில் அழகாக இருக்கும், உச்சி வெயிலில் 60 டிகிரியைத் தொடும், வெறுங்காலோடு வரும் குழந்தைக்கு ஆகாது. மழைநீர் வடியும் சல்லடைகளை அது மூடிவிட்டால் முதல் மழையில் தெரு குளமாகும். தார்மேல் பெயிண்ட் அடித்து 'நடைபாதை' என்று காட்டினால் கண் தெரிந்தவருக்குப் புரியும். பார்வையற்றவரின் கைத்தடிக்கு அங்கே ஓரக்கல்லின் விளிம்பே இல்லை. சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வேண்டும், மேசையைச் சுற்றி நாற்காலிகளை இழுத்துப்போட்ட பிறகும் அந்த 1.5 மீட்டர் மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது யார் என்பது முதல் நாளே பெயரோடும் கிழமையோடும் எழுதப்படாவிட்டால், கோடையில் பத்தே நாளில் காய்ந்த தொட்டிகள் திட்டத்தின் முகமாகிவிடும்.

புகார்களில் முதலிடம் இரவுச் சத்தத்துக்கு. படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே மேசை போடக் கூடாது, பத்து மணிக்கு இருக்கைகளை அடுக்கிச் சங்கிலி போட்டுப் பூட்ட வேண்டும், சாவி தெருவிலேயே இருவரிடம் இருக்க வேண்டும். அற்பமாகத் தோன்றும் இந்தச் சாவி விஷயத்தை நகராட்சி ஊழியரிடம் ஒப்படைத்துவிட்டால், சத்தம் வந்த இரவில் அழைக்க யாரும் இருக்கமாட்டார்கள். அடுத்த கூட்டத்தில் அந்த ஒரு இரவுதான் பேசப்படும்.

கூட்டத்துக்கு யார் வரவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். வார நாள் மாலை ஏழு மணிக்குக் கூட்டம் போட்டால் சமையலில் இருப்பவர்கள், இரவு வேலைக்காரர்கள், சிறு குழந்தை வைத்திருப்பவர்கள் வரமாட்டார்கள். சொந்த வீட்டுக்காரர் வருவார், வாடகைக்கு இருப்பவர் தயங்குவார். தெரு அழகானால் வாடகை ஏறும் என்ற அவர் பயத்தைப் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. ஆகையால் கூட்டத்தைவிடத் தெருவில் மேசை போட்டுப் பேசுவதே நல்லது: காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் விடும் நேரத்தில் ஒன்று, இரவு எட்டரைக்கு ஒன்று. முடிவு விதியும் சோதனைக்கு முன்பே சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் வண்டிகள் இத்தனை சதவீதத்துக்கு மேல் கூடினால் திசையை மாற்றுவோம், பேருந்து இத்தனை நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் நிறுத்துவோம், உட்காருபவர் எண்ணிக்கை இரட்டிப்பானால் நிரந்தர வேலைக்கு நிதி கேட்போம் என எண்களோடு. எண்களைப் பேரம் பேசித் தீர்மானிப்பதே பங்கேற்பின் பெரும்பகுதி. பின்னால் வரும் சண்டையும் அதனால் பாதியாகும்.

இந்தியாவில் 2020ல் ஒன்றிய அரசு அறிவித்த 'ஸ்ட்ரீட்ஸ் ஃபார் பீப்பிள்' போட்டியும் முதலில் தற்காலிகமாகச் செய்து பார்ப்பதையே வழியாக வைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு நவம்பரில் சென்னைப் பாண்டி பஜாரில் அகல நடைபாதைகளுடன் புதிய வளாகம் திறக்கப்பட்டது, திறப்புக்கு முன் ஒத்திகைகளும் நடந்தன. ஆனால் கெண்டின் விதிகளை இங்கே அப்படியே இறக்கினால் ஒரு இடத்தில் இடறும். கெண்டில் தெருக்காரர் என்றால் அந்தத் தெருவில் வீடு உள்ளவர். நம் கடைத்தெருவில் தெருவை அதிக நேரம் பயன்படுத்துபவர் தள்ளுவண்டிக்காரர், தரைக்கடைக்காரர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர். அவர்களுக்கு அங்கே கதவு எண் கிடையாது, வீடு வீடாகப் போனால் அவர்கள் பட்டியலிலேயே வரமாட்டார்கள். 2014ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, தெரு வியாபாரத்தை ஒழுங்குபடுத்தும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகளாக இருக்க வேண்டும். சோதனைக்கு முன் பேச வேண்டிய முதல் வாசல் அதுதான். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பு சொல்லும் தடையற்ற 1.8 மீட்டர் நடைவழியை விட்டபின் மிஞ்சும் அகலத்தில் கடைகளை எப்படி அடுக்குவது என்பதைச் சாக்பீஸ் கோடு போட்டு அவர்களையே நிறுத்திப் பார்க்கச் சொன்னால், அரை நாளில் ஒரு நல்ல வரைபடம் தரையிலேயே வந்துவிடும்.

எண்ணிக்கை நேரத்தையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். பூ விற்பவர் விடியலில் வந்து ஒன்பது மணிக்குள் கூடையைக் கவிழ்த்துவிடுவார், இட்லி வண்டி இரவு ஏழுக்குத்தான் வரும். பத்து மணிக்கு எண்ணத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிக்கும் கணக்கெடுப்பில் இருவருமே இல்லை. அந்தக் கணக்கை வைத்து வரைந்த தெருவிலும் இருக்கமாட்டார்கள்.